மடியில் பூனை, கையில் ஊசி, தலையணைக்கு அடியில் பேய்க் காதல்!

இரவு மணி ஒன்பது. சமையலறையைத் துடைத்தாகிவிட்டது. பாலுக்கு உறை ஊற்றியாகிவிட்டது. வீட்டில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இனி இருக்கிற ஒரு மணி நேரம் உங்களுக்கே உங்களுக்கு. என்ன செய்வீர்கள்?

டி.வி. என்பீர்கள். இல்லையென்றால் செல்போன். குன்னூரில் இருக்கும் என் பெரியம்மாவைக் கேட்டுப் பாருங்கள். வெட்கமே இல்லாமல் மூன்று விஷயம் சொல்வார். சாக்ஸ் பின்னுவது. பூனையைக் கொஞ்சுவது. பேய்க்கும் மனுஷிக்கும் காதல் வருகிற கதைகளைப் படிப்பது.

என்ன, சிரிக்கிறீர்களா? உறவுக்காரர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். "அறுபத்து மூணு வயசுல ராமாயணம் படிக்காம ரத்தக் காட்டேரி கதையா?" என்றார் ஒருவர். "கடையில நூறு ரூபாய்க்கு சாக்ஸ் கிடைக்குது, இதுக்குப் போய் பத்து நாள் கையை ஒடிச்சுக்கணுமா?" என்றார் இன்னொருவர். பூனையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆஸ்துமா வரும், பேறு பாதிக்கும், வீட்டுக்கு ஆகாது... ஆளுக்கு ஒரு புகார்!

போன வருஷம் மார்கழியில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து பெரியம்மாவை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டன. அதே மூன்றில் ஒன்றுதான் பெரியப்பாவின் கால் விரலையும் காப்பாற்றியது. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் யாராவது இருந்தால், இன்னும் அவசியம்.

ஒரு கண்ணி இழுபட்டது

பெரியப்பாவுக்கு வயது எழுபது. பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. குன்னூர்க் குளிர் தெரியுமல்லவா? மார்கழியில் இட்லி மாவு பொங்குவதற்கே பாத்திரத்துக்குக் கம்பளி சுற்ற வேண்டும். அதனால் பெரியப்பா ராத்திரியிலும் சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் படுப்பார். எல்லாம் பெரியம்மா கையால் பின்னிய வெள்ளைக் கம்பளி சாக்ஸ்.

தினமும் படுக்கப் போகுமுன் பெரியம்மா அந்த சாக்ஸைக் கழற்றி, பாதத்தைப் பார்த்து, துடைத்து, வேறு ஜோடி மாட்டிவிடுவார். டாக்டர் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது.

அன்று சாயங்காலம் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரியம்மா பின்னிக்கொண்டிருந்தார். நூல் உருண்டை கீழே விழுந்து உருண்டது. 'வெல்லம்' விடுமா? வெல்லம் என்பது பூனையின் பெயர். நல்ல பாகு வெல்லத்தின் நிறம். ஒரே பாய்ச்சல்! உருண்டை பெரியப்பா காலடியில் சிக்க, பூனையின் நகம் சாக்ஸில் மாட்டி ஒரு கண்ணி இழுபட்டது.

"அடிப்பாவி, சாக்ஸைக் கெடுத்துட்டியே!" என்று பெரியம்மா பூனையைத் திட்டினார். பெரியப்பா பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த 'ஒன்றும் தெரியவில்லை'தான் விஷயமே.

அன்றைக்கு ராத்திரி பெரியம்மா ஒரு தடிப் புத்தகத்தில் மூழ்கியிருந்தார். முந்நூறு வருஷமாகச் சாகாமல் இருக்கும் ஒருவன், ஒரு கிராமத்து ஆசிரியையைக் காதலிக்கிறான். அவன் யார் என்று அவளுக்குத் தெரியப்போகும் கட்டம். பாதம் பார்ப்பதை 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டார். மறுநாளும் அதே கதை. இரண்டு மணி வரை படித்து, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிப் போனார். சாக்ஸ் மாற்றவில்லை.

மூன்றாம் நாள் காலை. வெள்ளை சாக்ஸில், சுண்டுவிரல் பக்கம், ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பழுப்புக் கறை. கழற்றிப் பார்த்தால் விரலோரம் சிவந்து, வீங்கி, லேசாக நாற்றம்.

"வலிக்கலையா உங்களுக்கு?"

"இல்லையே... ஏன், என்ன ஆச்சு?"

பெரியம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது.

வலிக்காத காயம்தான் ஆபத்து

சர்க்கரை வியாதி பல வருஷம் நீடிக்கும்போது, பாதத்துக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகின்றன. முதலில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போல் இருக்கும். அப்புறம் அதுவும் போய்விடும். 'அப்பாடா, எரிச்சல் நின்னுடுச்சு' என்று நாம் சந்தோஷப்படுவோம். உண்மையில் உணர்ச்சியே நின்றிருக்கும். முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது.

இதோடு காலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் காயம் ஆறுவது தாமதமாகும். சர்க்கரை அதிகமாக இருந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சின்னக் கீறல் புண்ணாகி, புண் எலும்பு வரை இறங்கி, கடைசியில் விரலை எடுக்க வேண்டி வருவது இப்படித்தான்.

வலி நமக்கு அலாரம் மாதிரி. அலாரம் கெட்டுப்போன வீட்டில் என்ன செய்ய வேண்டும்? யாராவது ஒருவர் தினமும் சுற்றிவந்து கதவைப் பார்க்க வேண்டும். பாதம் பார்ப்பதும் அதேதான்.

ஆஸ்பத்திரியில் நடந்தது

டாக்டர் முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவச் செய்தார். "கீறி மூணு நாள் ஆச்சே, இப்பக் கழுவி என்ன?" என்று பெரியப்பா கேட்டார். "எத்தனை நாள் ஆனாலும் கழுவணும், ஊசியும் போடணும்" என்றார் டாக்டர்.

ஆமாம், வெறிநாய்க்கடி ஊசிதான். 'நாய்க்குத்தானே அது? இது வீட்டுப் பூனை ஆச்சே!' என்று நினைக்கிறீர்களா? ரேபிஸ் பூனைக்கும் வரும். வந்த பூனை கடித்தாலோ கீறினாலோ மனிதனுக்கும் வரும். அறிகுறி தெரிந்தபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால்தான் காத்திருக்காமல் ஊசியைத் தொடங்கிவிடுகிறார்கள். ரத்தம் வந்த கீறல் என்றால் தடுப்பூசியோடு 'இம்யூனோகுளோபுலின்' என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். பூனைக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் 'அதான் போட்டாச்சே' என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. பத்து நாள் பூனையைக் கண்காணிக்கச் சொல்வார்கள். அது ஆரோக்கியமாகவே இருந்தால் மிச்ச ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் தீர்மானிப்பார்.

'வயிற்றைச் சுற்றி 14 ஊசி' என்ற பயம் இன்னமும் பலருக்கு இருக்கிறது. ஆட்டு மூளையில் இருந்து தயாரித்த பழைய மருந்து அது. வேடிக்கை என்னவென்றால், தென்னிந்தியாவில் அந்த மருந்துக்குப் பேர்போன இடமே பெரியம்மாவின் ஊர்தான். 1907-ம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் குன்னூரில்தான் இருக்கிறது! அந்தப் பழைய ஊசி 2004-ம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. தசையில் போட்டால் முதல் நாள், பிறகு 3, 7, 14, 28-ம் நாட்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள்.

டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக், தினமும் கட்டு மாற்றுதல், காலை ஊன்றாமல் ஓய்வு. புண் ஆற ஆறு வாரம் ஆனது.

டாக்டர் கிளம்பும்போது சொன்னது இது: "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலைப் பத்திப் பேச வேண்டி வந்திருக்கும். கறுப்பு சாக்ஸா இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் உறவுக்காரர்கள் தீர்ப்புச் சொல்லத் தயாராக இருந்தார்கள். பூனையைக் கோணியில் கட்டி எங்காவது விட்டுவிட வேண்டும், கதைப் புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட வேண்டும், பின்னல் ஊசியை மூட்டை கட்ட வேண்டும். அடுத்த முறை போனபோது பெரியம்மா இதை டாக்டரிடமே கேட்டுவிட்டார்.

"எதையும் விட வேண்டாம்மா. வரிசையை மாத்துங்க. முதல்ல பாதம், அப்புறம் புத்தகம்" என்றார் அவர்.

அதைத்தான் உங்களுக்கும் சொல்ல வருகிறேன். மூன்று பொழுதுபோக்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

பாதத்துக்கேற்ற சாக்ஸ்

சாக்ஸ் பின்னுவது ஏதோ வெள்ளைக்காரச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், எகிப்தில் கிடைத்த பழங்காலத்துச் சிவப்புக் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது. வயது ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் மேல்! ஒற்றை ஊசியால் செய்தது. கட்டைவிரலுக்குத் தனி அறை. எதற்கு? செருப்போடு போட்டுக்கொள்ளத்தான். நம் ஊர் ஆட்களுக்கென்றே பின்னியது போல இல்லை?

இப்போது பின்னுகிறவர்கள் இரண்டு முனையும் கூரான நாலைந்து சின்ன ஊசிகளை வைத்து வட்டமாகப் பின்னுகிறார்கள். மெல்லிய நூலில், நடுத்தரப் பாதத்துக்கு 60 முதல் 72 கண்ணி போதும். ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 100 கிராம் நூல் ஆகும். கணுக்காலில் தொடங்கி, பாதிக் கண்ணியில் குதிகாலுக்கு மடல் பின்னி, அதைத் திருப்பி, பக்கக் கண்ணிகளை எடுத்து, விரல் வரை போக வேண்டும். முதல் சாக்ஸில் குதிகால் திரும்பும் இடத்தில் எல்லோரும் ஒரு முறையாவது பிரித்துப் போடுவார்கள். பிரித்தால் குடி முழுகிவிடாது.

வட்டமாகப் பின்னுவதால் பக்கத்தில் தையல் கிடையாது. சர்க்கரைக்காரர் காலுக்கு இது பெரிய வரம். விளிம்புத் தையல் உரசித்தான் பல பேருக்கு விரலில் புண் வருகிறது. நீங்கள் பின்னுவதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

• வெள்ளை அல்லது வெளிர் நிற நூல். ரத்தமோ சீழோ கசிந்தால் உடனே கண்ணில் படும்.

• உள்பக்கம் முடிச்சு கூடவே கூடாது. நூல் மாற்றும் இடத்தில் நுனிகளைக் கண்ணிகளுக்குள் கோத்து மறையுங்கள்.

• விரல் நுனியை மூடும்போது மேடு வராமல் ஊசித்தையலால் கண்ணிக்குக் கண்ணி இணையுங்கள். முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் போர் மந்திரி கிச்சனர் பெயரால் 'கிச்சனர் தையல்' என்கிறார்கள் இதை.

• மேல் விளிம்பு இறுக்கக் கூடாது. இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்துக் கண்ணி ஏற்றினால் தளர்வாக வரும். எலாஸ்டிக் வேண்டாம். சாக்ஸைக் கழற்றியபின் காலில் வளையம் போல் தழும்பு தெரிந்தால் அது இறுக்கம் என்று அர்த்தம்.

• ஓட்டை விழுந்தால் தடிமனாக இழை ஓட்டித் தைத்து மறுபடி போடாதீர்கள். அந்தத் தடிப்பே உரசும். புதுசு பின்னுங்கள்.

• கம்பளி வியர்வையை நன்றாக உறிஞ்சும். ஆனால் சொரசொரப்பான நூல் அரிக்கும். கழுத்தில் தேய்த்துப் பார்த்து, உறுத்தாத நூலாக வாங்குங்கள். வெயில் ஊர்க்காரர்களுக்குப் பருத்தி கலந்த நூல் நல்லது.

குளிர்ப் பிரதேசத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கால் சில்லிட்டால் கணப்புக்குப் பக்கத்தில் நீட்டுவது, ஹீட்டர் முன்னால் வைப்பது, வெந்நீர்ப் பை வைப்பது எல்லாம் சர்க்கரைக்காரர் செய்யவே கூடாத காரியங்கள். சூடு தெரியாது, தோல் வெந்துபோன பிறகுதான் தெரியும். சாக்ஸ் போதும். கால் கழுவும் வெந்நீரைக்கூட வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

பின்னுகிற கைக்கு

2013-ம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களைக் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள், மனசு அமைதியாக இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்று அதிகமாகச் சொன்னார்கள். கேட்டுச் சொன்னதுதான், மருந்து என்று நிரூபித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே தாளத்தில் கை போய்க்கொண்டிருக்கும்போது மனசு அடங்குவது, ஜெபமாலை உருட்டிய பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம்தானே!

மணிக்கணக்கில் பின்னினால் மட்டும் கை பழிவாங்கும். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறதா? கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். கட்டைவிரல் அடியில் மணிக்கட்டோரம் சுரீர் என்று வலித்தால் தசைநார் வீங்கியிருக்கலாம். அரைமணிக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மடக்கி, தோளைச் சுழற்றி, எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வாருங்கள். வலித்தும் விடாமல் பின்னுவது வீரம் இல்லை!

வெல்லமும் நாமும்

பூனை மேல் கோபப்பட்டுப் பயனில்லை. உருளுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். நாம்தான் ஒழுங்காக இருக்க வேண்டும். பெரியம்மா இப்போது நூல் உருண்டையை மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் வைத்து, மூடியை லேசாகத் திறந்து நூலை விட்டுப் பின்னுகிறார். வேலை முடிந்ததும் ஊசி, நூல் எல்லாம் பீரோவுக்குள்.

இது பெரியப்பாவின் காலுக்காக மட்டும் இல்லை. பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் உண்டு. நூலை வாயில் வைத்தால் துப்பத் தெரியாமல் விழுங்கிக்கொண்டே போகும். அது குடலைச் சுருக்கிக் கிழித்துவிடலாம். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

வேறு சில விஷயங்கள்:

• தயிர்சாதமே போட்டு வளர்க்கும் வீடுகள் நம்மில் நிறைய. பூனைக்கு 'டாரின்' என்ற சத்து இறைச்சி, மீனில் இருந்துதான் கிடைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். வீட்டில் அசைவம் சமைக்காதவர்கள் பூனைக்கென்றே விற்கும் தீனியாவது வாங்கிப் போடுங்கள்.

• வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிறு போகும். தண்ணீர் வையுங்கள்.

• பூனைக்குக் காய்ச்சல் என்று நம் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை கொன்றுவிடலாம்.

• மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில். நகத்தின் ஒளி ஊடுருவும் நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் இடத்தில் ரத்தக் குழாய் இருக்கிறது.

• பூனை கடித்தால் பல் ஆழமாக இறங்கும். வெளியே சின்னப் புள்ளி, உள்ளே சீழ். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பாமல் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

'மருமகள் முழுகாமல் இருக்கிறாள், பூனையை விரட்டு' என்பார்கள். பூனையின் மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமிதான் அந்தப் பயத்துக்குக் காரணம். பயத்தில் நியாயம் இருக்கிறது, விரட்டத்தான் தேவையில்லை. மலம் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே மண் தட்டை தினமும் சுத்தம் செய்யுங்கள், கர்ப்பிணி அல்லாத வேறொருவர் செய்யட்டும். வேகாத கறி, கழுவாத காய்கறி, கையுறை இல்லாமல் தோட்ட மண் கிளறுவது ஆகியவற்றாலும் இதே கிருமி வரலாம். பெங்களூரில் இருந்து மருமகள் வந்திருந்த மூன்று மாதமும் பெரியப்பாதான் தட்டைச் சுத்தம் செய்தார், கையுறை போட்டுக்கொண்டு!

ஆஸ்துமா இருந்தால்? பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம்தான் ஒவ்வாமைக்குக் காரணம். படுக்கையறைக்குள் விடாதீர்கள். அப்படியும் மூச்சு இழுத்தால் டாக்டரைக் கேட்டு முடிவெடுங்கள்.

சாகாத காதலன்

இனி அந்தப் புத்தகங்கள். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-ல் வந்தது. அதில் ரத்தக் காட்டேரி பயமுறுத்தும் வில்லன். 1976-ல் ஆன் ரைஸ் எழுதிய நாவலில் அதே காட்டேரி தன் சோகத்தைத் தானே சொல்லத் தொடங்கியது. 2005-ல் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வந்தபோது காட்டேரியே கதாநாயகன். பள்ளிக்கூடப் பெண்ணைக் காதலிக்கிறான்.

நமக்கு இது புதுசா என்ன? மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். உதயகுமாரன் ஏன் அவளை அப்படித் துரத்துகிறான்? போன பிறவியில் அவன் இராகுலன், அவள் அவன் மனைவி இலக்குமி. தெய்வமே வந்து அவளுக்குச் சொல்கிறது. கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகித் திரும்பிய பழையனூர் நீலி கதையும் நம்முடையதுதான். 1963-ல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படம் பார்த்து, போன ஜென்மத்துக் காதலை நினைத்து உருகாதவர் உண்டா?

பயக் கதை படிக்கும்போது இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் கால் கம்பளிக்குள், பூனை மடியில். ஆபத்து இல்லாத பயம் என்பதால் முடிந்ததும் ஒரு நிம்மதி வருகிறது. இது உடம்பின் கணக்கு. மனசின் கணக்கு வேறு. அதைப் பெரியம்மாவே சொன்னார்:

"புத்தகத்துல இருக்கிறவனுக்கு வயசே ஆகாது, காயமே ஆறிடும். இங்கே நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் பாதத்தைத் தினமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு மணி நேரம் எங்கேயாவது போயிட்டு வரணும்போல இருக்கு. போயிட்டு வந்துட்டா மறுபடி பார்க்கத் தெம்பு வருது."

நோயாளியைக் கவனித்துக்கொள்கிற பெண்கள் இதைப் படித்தால் புரிந்துகொள்வீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கவும் வேண்டாம்.

ஆனால் ஒரு மணி, நாலு மணி ஆகக் கூடாது. 1999-ல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு ஆய்வில், ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவு நாலு மணி நேரமே படுக்கவிட்டார்கள். அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துவிட்டது. வாலிபர்களுக்கே அப்படி என்றால் நமக்கு? பெரியவர்களுக்குத் தினமும் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அத்தியாயம் எப்போதும் ஆபத்தான இடத்தில்தான் முடியும். எழுதுகிறவர்களின் தந்திரம் அது. அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தப் பழகுங்கள், மூடுவது சுலபம். செல்போனில் படிக்கிறவர்கள் வெளிச்சத்தைக் குறைத்து, படுக்கையில் இல்லாமல் நாற்காலியில் படியுங்கள். நாற்பது தாண்டியவர்கள் புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறீர்களா? கண்ணாடி போடும் நேரம் வந்துவிட்டது.

ஒன்பது மணி வரிசை

பெரியம்மா வீட்டில் இப்போது நடப்பது இதுதான். நீங்களும் பின்பற்றலாம்.

1. ஒன்பது மணி. நல்ல வெளிச்சத்தில் பாதம். மேல்புறம், உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு. தனியாக இருப்பவர்கள் தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். கீறல், கொப்புளம், சிவப்பு, வெடிப்பு, நிற மாற்றம் இருக்கிறதா?

2. கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, வறண்ட இடத்தில் எண்ணெயோ கிரீமோ தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது, ஈரம் தங்கிப் புண்ணாகும்.

3. கழற்றிய சாக்ஸை உட்புறம் திருப்பிப் பாருங்கள். கறை இருக்கிறதா? நாளைக்கு வேறு ஜோடி.

4. ஒன்பதேகால். பின்னல் அரைமணி. பிறகு நூல் தூக்குக்குள், ஊசி பீரோவுக்குள்.

5. ஒன்பதே முக்காலில் இருந்து பத்தே முக்கால் வரை புத்தகம். அப்புறம் விளக்கை அணைத்தாக வேண்டும்.

காயம் ஏதும் கண்ணில் பட்டால், வலிக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டர். ஒன்றும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், வலியே கிடையாது.

போன வாரம் பெரியம்மாவிடம் போனில் பேசினேன். "அந்தக் காட்டேரிக் கதை என்ன ஆச்சு பெரியம்மா? கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் நாப்பது பக்கம் பாக்கி இருக்குடி. இரு, உங்க பெரியப்பா காலைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

மணி பார்த்தேன். சரியாக ஒன்பது!